காட்பாடி மாடியில் கேட்காத 978

என் அக்கா மகன் டெக்சாஸில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். 2023 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், கையில் கரும்புத் துண்டோடு கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, எனக்கு ஒரு பொட்டி செஞ்சி குடு. சுத்தி எந்த ஃப்ளைட் பறக்குது, எங்க மழை பெய்யுதுன்னு டேப்லட்ல காட்டணும். ரெடிமேடா வாங்கலாம், ஆனா அம்மா ஏற்கனவே நகையெல்லாம் அடகு வெச்சிருக்காங்க. அதுக்கு மேல கேக்க மனசு வரல."

காட்பாடியில் 31 வருஷமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "சிக்னல் வரல" என்று யாராவது சொல்லாத நாளே கிடையாது. மாடியேறி ஆன்டெனா திருப்பிய காலம் முதல் செட் டாப் பாக்ஸ் காலம் வரை பார்த்தாயிற்று. ஆனால் பறக்கிற ஒருத்தன் உயிரை நம்பி வைக்கிற பெட்டியை நான் செய்ததில்லை. ஒத்துக்கொண்டேன், அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதைச் செய்து முடித்த மூன்று மாசத்திலும், அவன் அங்கே பயன்படுத்திய பிறகும் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இதைச் செய்ய நினைக்கிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்றைய விமானங்களில் பெரும்பாலானவை தங்கள் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் தாங்களே ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றன. இடத்தை மட்டும் நொடிக்கு இரண்டு தடவை. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். உலகம் முழுக்க இது 1090 மெகாஹெர்ட்ஸில் நடக்கிறது. ஒவ்வொரு சேதியிலும் அந்த விமானத்துக்கே உரிய ஒரு அடையாள எண் இருக்கும். நம் நாட்டு விமானம் என்றால் அது 80 என்று தொடங்கும், அமெரிக்க விமானம் என்றால் 'ஏ' எழுத்தில். இதற்குச் சந்தாவோ, மறைகுறியோ இல்லை. காற்றில் திறந்தபடி வருகிறது.

அமெரிக்காவில் மட்டும் இதோடு இன்னொரு வழியும் உண்டு. 18,000 அடிக்குக் கீழே பறக்கிற சின்ன விமானங்களுக்காக 978 மெகாஹெர்ட்ஸைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். தரையில் இருக்கிற கோபுரங்கள் அதே 978இல் வானிலையை மேலே அனுப்புகின்றன. மழை ரேடார் படம், விமான நிலையங்களின் காற்று, மேகம், பார்வைத் தூரம் எல்லாம் இலவசமாக வரும். அக்கா மகன் கேட்ட "எங்க மழை பெய்யுது" இந்த வழியில்தான் வர வேண்டும்.

இந்தியாவில் 978 கிடையாது. காட்பாடி மாடியில் எவ்வளவு நல்ல ஆன்டெனா வைத்தாலும் அதில் ஒரு சேதியும் வராது. ஆக, நான் செய்யப்போகிற பெட்டியில் பாதியை என்னால் இங்கே சோதிக்கவே முடியாது. டிவியைச் சரி செய்தால் படம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் காசு வாங்குவோம். படம் வருமா என்று தெரியாமல் ஒரு பொருளைக் கடல் தாண்டி அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர், யுஎஸ்பியில் செருகுகிற டிவி டாங்கிள் இரண்டு, ஒரு ஜிபிஎஸ், ஒரு காற்றழுத்த சென்சார், ஒரு பவர் பேங்க். அந்தச் சமயத்தில் ராஸ்பெரி பை உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. ஒரு பொறியியல் கல்லூரி மாணவன் புராஜெக்ட் முடித்து வைத்திருந்த பழைய மூன்றாம் மாடலை வாங்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. மென்பொருளுக்குப் பெயர் ஸ்ட்ராட்டக்ஸ், 2015 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி எஸ்டி கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். பெட்டி தானே ஒரு வைஃபை உண்டாக்கும். டேப்லட்டை அதில் இணைத்தால் விமானிகள் வழக்கமாக வைத்திருக்கிற வரைபடச் செயலியில் எல்லாம் தெரியும்.

அந்த டாங்கிளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கிற ரியல்டெக் சிப் டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அது பிடிக்கிற அலையைப் படமாக மாற்றாமல் அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவும் செய்யும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அதை வைத்து உலகத்தில் என்னென்னவோ கேட்கிறார்கள். நான் வாழ்நாள் முழுக்கச் சோறு தின்ற அதே டிவி ட்யூனர், மேலே போகிற விமானத்தின் பேச்சைக் கேட்கிறது என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆன்டெனா என் கைவேலை. 300ஐ 1090ஆல் வகுத்தால் அலைநீளம் 275 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு 69. 978க்கு அதே கணக்கில் 77. பழைய மோட்டார் சுருளிலிருந்து கெட்டியான செம்புக் கம்பி எடுத்து, நிமிர்த்தி, எனாமலைச் சுரண்டி, இரண்டு துண்டு வெட்டினேன். பெட்டியின் மூடிக்கு அலுமினியத் தகடு. கால் அலை ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு உலோகத் தரை வேண்டும், அந்த வேலையை மூடியே செய்துவிடும். 69க்குச் சிவப்பு ஸ்லீவ், 77க்கு நீல ஸ்லீவ்.

உள்ளே டாங்கிளுக்குப் போகிற கேபிள் பேனா ரீஃபில் பருமன்தான் இருக்கும். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கிற மெல்லிய கம்பிப் பின்னலைப் பிரித்து ஒரு பக்கம் முறுக்கி, நடுக்கம்பியை ஆன்டெனா அடியில் பற்ற வைத்தேன். மேலே பார்க்க ஈயம் பளபளவென்று அழகாக உட்கார்ந்திருந்தது. மாடிக்குக் கொண்டுபோனால் ஒரு விமானம்கூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே சென்னையிலிருந்து பெங்களூர் போகிறது கண்ணுக்குத் தெரிகிறது, திரையில் காணோம். மல்டிமீட்டரை வைத்ததும் 'பீப்' என்று கத்தியது. இந்த வகை ஆன்டெனாவில் நடுக்கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. லென்ஸ் போட்டுப் பார்த்தால், தலைமுடியை விட மெல்லிய ஒரே ஒரு பின்னல் இழை ஈயத்துக்குள் புதைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிளேடு முனையால் தூக்கி வெட்டினேன். பெட்டியை மூடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாததால் எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

அதற்குப் பிறகும் ஆறே விமானம்தான் தெரிந்தது. இவ்வளவு போக்குவரத்து இருக்கிற வானத்தில் ஆறு என்பது மிகக் குறைவு. ஆன்டெனாவை உயர்த்தினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் காரணம் எதிரிலேயே நின்றது. எங்கள் தெரு முனையில் செல்போன் டவர் இருக்கிறது. போன் டவர்கள் 935 முதல் 960 வரைக்கும் பேசுகின்றன. என் டாங்கிள் கேட்க வேண்டியது அதற்குப் பக்கத்து வீட்டில். காதருகே ஒருவர் மேளம் அடிக்கும்போது தூரத்தில் பேசுவது எப்படிக் கேட்கும்? டாங்கிளின் கெயின், அதாவது வருகிற அலையைப் பெருக்குகிற அளவு, உச்சத்தில், 49.6இல் இருந்தது. அதைக் குறைத்துக் குறைத்து 40.2க்குக் கொண்டுவந்ததும் ஆறு பதினேழானது. காதைக் கூர்மையாக்கினால் நிறையக் கேட்கும் என்று நினைப்போம். சத்தமான இடத்தில் அது நேர்மாறு. நகரத்தில் செய்கிறவர்கள் டாங்கிளுக்கு முன்னால், வேண்டாத அலைகளைத் தடுக்கிற ஒரு ஃபில்டர் போட்டுவிடுவது நல்லது. அது என் முதல் பெட்டியில் இல்லை.

பதினேழையும் வரைபடத்தில் பார்த்தால் ஊரின் உருவமே தெரிந்தது. கிழக்கே, வடக்கே தூரத்து விமானங்கள் வரை வருகின்றன. பாலாற்றுக்கு அந்தப் பக்கம், வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே மலைகள் நிற்கிற திசையில் மட்டும் யாரோ கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். மலை மறைத்தால் அதற்குப் பின்னால் தாழப் பறப்பது தெரியாது. இதை நான் சாதாரணமாகக் கவனித்து விட்டுவிட்டேன். பின்னால் டெக்சாஸில் இதுதான் கைகொடுத்தது.

இப்போது 978க்கு வருகிறேன். கேட்காத அலைவரிசையை எப்படிச் சோதிப்பது? நாலைந்து நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராட்டக்ஸில் எந்த டாங்கிள் எந்த வேலை செய்ய வேண்டும் என்று அதன் நினைவகத்திலேயே ஒரு பெயர் எழுதி வைக்கலாம். ஒன்றுக்கு 1090 என்றும் மற்றதற்கு 978 என்றும் எழுதியிருந்தேன். ஒரு நாள் கடை சாத்துகிற நேரத்தில் தோன்றியது: பெயரை மாற்றி எழுதினால்? 978 டாங்கிளுக்கு 1090 என்று பெயர் வைத்து, அதன் ஆன்டெனாவையும் கேபிளையும் தொடாமல் அப்படியே விமானங்களைக் கேட்கச் சொன்னேன். 77 மில்லிமீட்டர் கம்பி 1090க்குக் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கேட்க வேண்டும்.

பக்கத்தில் மற்ற டாங்கிள் பதினைந்து, பதினாறு காட்டிக்கொண்டிருக்க, இது நான்கு காட்டியது.

கம்பி நீளத்தால் வருகிற குறை இவ்வளவு இருக்காது. கேபிளை விரலால் அசைத்தேன். நான்கு பன்னிரண்டாகி மறுபடி நான்கானது. டாங்கிள் பக்கத்துக் குட்டி கனெக்டருக்குள் நடு ஊசி சரியாக அழுந்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. கேபிளையே மாற்றினேன், பதினான்கு வந்தது. பெயரைப் பழையபடி 978 என்று எழுதி வைத்தேன். அந்த மாற்றம் தோன்றாமல் இருந்திருந்தால், பெட்டி பாதி செவிடாக டெக்சாஸ் போயிருக்கும், அவனும் அங்கே மழை இல்லை என்று நினைத்திருப்பான். இங்கிருந்து யாருக்காவது செய்து அனுப்புகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு சேதி. மெல்லிய, நீளமான யுஎஸ்பி வயர் போட்டால் பவர் பேங்கில் 5 வோல்ட் இருந்தாலும் பெட்டிக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் ராஸ்பெரி பை குறைமின்னழுத்த எச்சரிக்கை காட்டும், டாங்கிள்கள் தாமாகக் கழன்று மாட்டிக்கொள்ளும். ஒரு சாண் நீளத்தில் தடித்த வயராகப் போடுங்கள். அடுத்தது, 10,000 என்று அச்சடித்த பவர் பேங்கின் கணக்கு உள்ளே இருக்கிற 3.7 வோல்ட்டில் சொன்னது. 37 வாட் மணி, அதில் மாற்றும்போது போகிறது போக 31 என்று வையுங்கள். பெட்டி 6 வாட் தின்றது. ஐந்து மணி நேரம்தான் வரும். அதற்கு மேல் பறக்கிறவர் இரண்டாவது ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் சோதனைக்கு வேலூரை விட நல்ல ஊர் உண்டா! ஏப்ரல் கடைசியில் மத்தியானம் பெட்டியை மாடிச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். திரும்பிப் போனபோது விமான எண்ணிக்கை பாதியாகியிருந்தது. உள்ளே சூடு 80 டிகிரியைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைப் பெட்டி வாங்கினேன். அடியில் வரிசையாகத் துளை, சிப்பின் மேல் அலுமினிய ஹீட் சிங்க், ஒரு சின்ன விசிறி. அக்னி நட்சத்திரத்தில் நாலு நாள் அதே சுவர்மேல் வைத்தேன், 70ஐத் தாண்டவில்லை.

மூடியைப் பசை போட்டு ஒட்டலாமா என்று யோசித்து, நான்கு ஸ்க்ரூ போட்டேன். நல்ல வேளை. ஜூனில் அவனுக்கு ஊரிலிருந்து போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம். வயரும் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் திறந்து காட்டச் சொன்னார்கள். ஸ்க்ரூ என்பதால் திறந்து காட்டி மூட முடிந்தது. பவர் பேங்கைச் செக்-இன் சாமானில் போடக் கூடாது, அதைத் தனியாகக் கழற்றிக் கைப்பையில் வைக்கச் சொல்லியிருந்தேன்.

முதல் போன் ஒரு வாரத்தில் வந்தது. நம் நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரை.

"மாமா, ஃப்ளைட்டெல்லாம் தெரியுது. வெதர் மட்டும் ஒண்ணுமே வரல. டவர் சைபர்னு காட்டுது."

எனக்கு அந்த ஆடுகிற ஊசி ஞாபகம் வந்துவிட்டது. கேபிளை அழுத்திப் பார், மீட்டர் வைத்துப் பார் என்று எதையெதையோ சொன்னேன். மறுநாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த மலைப் பள்ளம் மனசில் வந்தது. "எங்க நின்னு பாத்த?" என்று கேட்டேன். "ஓடுதளத்துக்குப் பக்கத்துல, விமானத்த நிறுத்தி வெச்ச எடத்துல." தரையில் நிற்கிறான், கோபுரம் எங்கோ தொலைவில் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. "மேல போய் பாரு" என்றேன். ஆயிரத்து ஐநூறு அடி ஏறியதும் டவர் ஒன்று, மூன்று என்று ஏற, ரேடார் படம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்ததாம். தரையில் வானிலை வராததைப் பழுது என்று நினைத்து யாரும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டிய வானிலையைப் போனிலேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சம்பவம் அவனைப் பயமுறுத்தியது. பறந்துகொண்டிருக்கிறார்கள், திடீரென்று திரையில் ஒரு விமானம், அதே உயரத்தில், ஒட்டியபடி. செயலி எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. பயிற்சியாளர் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தேடுகிறார், ஒன்றும் இல்லை. திரும்பினால் அதுவும் திரும்புகிறது. அது அவர்களேதான். விமானத்தில் இருக்கிற கருவி தன் இடத்தைச் சொல்ல, பெட்டி அதையும் கேட்டு இன்னொரு விமானமாகக் காட்டிவிட்டது. சொந்த விமானத்தின் அடையாள எண்ணைப் பெட்டியில் எழுதி வைத்தால் அதை ஒதுக்கிவிடும். அவன் எழுதித்தான் வைத்திருந்தான். ஆனால் பயிற்சிப் பள்ளியில் ஒரு நாளைக்கு ஒரு செஸ்னா விமானம் கொடுக்கிறார்கள், முந்தின நாள் விமானத்தின் எண் அதில் இருந்திருக்கிறது.

உயரம் என்றதும் இன்னொன்று. விமானங்கள் சொல்கிற உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல, 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தை அடியாக வைத்துக் கணக்கிடுவது. ஜிபிஎஸ் உயரத்தை அதோடு ஒப்பிட்டால் சில நாள் பல நூறு அடி பிசகும். காற்றழுத்த சென்சாரை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த விமானம் நமக்கு மேலேயா கீழேயா என்பதே அதில்தான் தெரிகிறது.

மூன்றாவதை அவன் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கியது. மத்தியானம் ஒரு நீண்ட பயணம், வழியில் இடிமழை. திரையில் இரண்டு மழைக் கூட்டங்களுக்கு நடுவில் பச்சை, சிவப்பு எதுவும் இல்லாமல் ஒரு வழி தெரிந்திருக்கிறது. படம் மூன்று நிமிஷம் பழையது என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. "நடுவுல போயிடலாமா?" என்று கேட்டானாம். பயிற்சியாளர் சன்னல் பக்கம் கை காட்டியிருக்கிறார். அந்த 'வழி' இருக்க வேண்டிய இடத்தில் மேகம் கறுத்து மூடியிருந்தது. திரும்பி வேறு ஓடுதளத்தில் இறங்கிவிட்டார்கள்.

அந்த மூன்று நிமிஷம் என்பது பல ரேடார்களின் படங்களை ஒட்டி முடித்த நேரத்திலிருந்து கணக்கு. ஒட்டப்பட்ட துண்டுகள் அதற்கும் முந்தையவை. மோசமான நிலையில், திரையில் போட்டிருப்பதை விட இன்னும் 15 முதல் 20 நிமிஷம் வரை பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012இலேயே விமானிகளை எச்சரித்திருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிற மழை 15 நிமிஷத்தில் 10 கிலோமீட்டர் போய்விடும். இது நமக்கும் தெரிந்ததுதான். மே மாசச் சாயங்காலம் போனில் ரேடார் படம் பார்த்தால் மேகம் குடியாத்தம் மேலே நிற்கும், இங்கே கொடியில் காயப்போட்ட துணி நனைந்துகொண்டிருக்கும். இடிமழையை எட்ட இருந்து சுற்றிப் போக அந்தப் படம் உதவும். அதில் தெரிகிற சந்துக்குள் நுழைய உதவாது. பெட்டி செய்து கொடுக்கிறவர் இதை வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரியவும் தெரியாது.

விமானங்கள் விஷயத்திலும் அப்படியே. ஒரு நாள் காலை, திரை சுத்தமாக இருந்தபோது, வயலுக்கு மருந்தடிக்கிற மஞ்சள் விமானம் ஒன்று கீழே குறுக்கே போயிருக்கிறது. 2020 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஏடிஎஸ்-பி கட்டாயம் என்றாலும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியும் உயரத்திலும் உள்ள குறிப்பிட்ட வான்பகுதிகளில்தான் கட்டாயம். வயல்வெளியில் தாழப் பறப்பவர் அதை வைத்திருக்க வேண்டியதில்லை. தரை ரேடார் பார்க்கிற பழைய விமானங்களைக் கோபுரம் மேலே சொல்லும். ஆனால் அப்படிச் சொல்வது தன் இடத்தை அறிவித்துக்கொண்டு பறக்கிறவர்களுக்கு, அவர்களைச் சுற்றி 15 கடல் மைல் வட்டத்துக்கு மட்டுமே. கேட்க மட்டும் செய்கிற பெட்டியை வைத்துக்கொண்டு, அறிவிக்காத விமானத்தில் பறந்தால், மற்றவருக்காக வருகிற சேதியின் துண்டு துணுக்குகள்தான் காதில் விழும். பெட்டி கேட்பதைக் காட்டும், கேட்காததை இல்லை என்று சொல்லாது. அந்த வித்தியாசம் திரையைப் பார்க்கிறவர் தலைக்குள் இருக்க வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதை அவனே கண்டுபிடித்தான். முன் கண்ணாடிக்கு அடியில் வைத்தபோது வெயிலில் டேப்லட்டே சூடேறி அணைந்துபோயிருக்கிறது. இப்போது பெட்டியைப் பின் சீட்டுப் பக்கச் சன்னலில், நிழல் விழுகிற புறம் ஒட்டி வைக்கிறான். அதில் விமானத்தின் உலோக உடல் ஒரு பக்கத்தை மறைக்கும்.

போன மாசம் மறுபடி கூப்பிட்டான். கூடத் தங்கியிருக்கிற தர்மபுரிப் பையனுக்கும் ஒன்று வேண்டுமாம். இந்தத் தடவை இரண்டு டாங்கிளுக்கும் ஃபில்டர் சொல்லியிருக்கிறேன். கம்பிகளை 69க்கும் 77க்கும் வெட்டி ஸ்லீவ் மாட்டியாயிற்று. மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, அழியாத மார்க்கரில் எழுதியிருக்கிறேன்: இன்றைக்கு எந்த விமானம், எண் மாற்றினாயா? படம் எத்தனை நிமிஷம் பழையது? சன்னல் வழியாகப் பார்த்தாயா? ரிச்சி தெருவிலிருந்து பார்சல் வந்ததும் பெயரை மாற்றி மாடியில் வைத்துவிட வேண்டும்.